அன்டீக்கேயின் எவெலியோ ஹாவியர்

பிலிப்பைன்ஸின் பனாய் தீவில் மேற்குக் கடலோரமாக நீண்டு கிடக்கும் அன்டீக்கே மாகாணத்துக்கு, 1971 தேர்தலில் மக்கள் நேரடியாக வாக்களித்து ஆளுநராக்கியபோது எவெலியோ ஹாவியருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. பின்னர் அவர் அமெரிக்காவின் ஹார்வர்டில் பொது நிர்வாகம் படித்தார்.

1984இல் நாடாளுமன்றத் தேர்தலில், அப்போதைய அதிபர் ஃபெர்டினண்ட் மார்கோஸின் கட்சியைச் சேர்ந்த ஆர்ட்டுரோ பசிஃபிகடோரை எதிர்த்து நின்றார். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் அவருடைய ஆதரவாளர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முறைகேட்டுப் புகாரை விசாரித்த தேர்தல் ஆணையப் பிரிவில், பசிஃபிகடோரின் முன்னாள் வழக்கறிஞர் தொழில் கூட்டாளி ஒருவரே உறுப்பினராக அமர்ந்திருந்தார். விலகச் சொல்லியும் அவர் விலகவில்லை. அந்தப் பிரிவு பசிஃபிகடோரையே வெற்றியாளராக அறிவித்தது. எனக்கு இன்றுவரை ஆறாத இடம் இதுதான். ஹாவியர் மனம் தளராமல் உச்ச நீதிமன்றம் சென்றார்.

தீர்ப்பு வருமுன், 1986 பிப்ரவரி 11 அன்று, அதிபர் தேர்தலில் மார்கோஸை எதிர்த்து நின்ற கொராசோன் அக்கினோவுக்காகத் தேர்தல் பணியில் இருந்த அவரை, மாகாணத் தலைநகர் சான் ஹோசேயில் முகமூடி அணிந்தவர்கள் பட்டப்பகலில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 43. இரண்டே வாரங்களில் மார்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார்.

மனுதாரர் இறந்து, அந்த நாடாளுமன்றமும் கலைக்கப்பட்டுவிட்ட நிலையில் வழக்கை நீதிமன்றம் எளிதாக முடித்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் நீதிபதி இசகானி குரூஸ் எழுதிய தீர்ப்பு, இவை நிகழ்ந்திராவிட்டால் பசிஃபிகடோரின் வெற்றி அறிவிப்பு ரத்தாகியிருக்கும் என்று வெளிப்படையாகப் பதிவுசெய்தது.