ஊட்டியில் டயாலிசிஸ் மெஷின்: வால்வைக் கழற்றும் முன் காற்றைப் பாருங்கள்

சமவெளியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மெஷின் அது. மேலே உதகைக்குக் கொண்டுவந்து இணைத்த மறுநாளே ஃப்ளோ அலாரம், டெம்பரேச்சர் அலாரம், போதாததற்கு யுஎஃப் (நோயாளியிடமிருந்து எடுக்கும் நீர்) கணக்கும் இடித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வால்வு கெட்டிருக்கும் என்று மின்காந்தத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு இரண்டை மாற்றினோம். வீண் செலவு. கோளாறு காற்றில் இருந்தது.

உள்ளே போகும் திரவமும் வெளியே வரும் திரவமும் சம அளவாக இருக்கப் பார்த்துக்கொள்வது பேலன்சிங் சேம்பர். அதில் இரண்டு அறை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ரப்பர் சவ்வு, ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வு. புதுத் திரவம் ஒரு பக்கம் நிறையும்போது சவ்வு நகர்ந்து, மறுபக்கத்தில் இருக்கும் கழிவுத் திரவத்தை அதே அளவு டிரெயினுக்குத் தள்ளும். அடுத்து கழிவு உள்ளே வர, புதுசு, ரத்தத்தை வடிகட்டும் டயாலைசருக்குப் போகும். ஓர் அறை நிறையும்போது மற்றது கொடுக்கும். எங்கள் மெஷினில் ஒரு ஸ்ட்ரோக் (ஓர் அறை ஒருமுறை தள்ளும் அளவு) 30 மில்லி. நிமிடத்துக்கு 500 மில்லி என்றால் நாலு மணி நேரத்தில் 120 லிட்டர், அதாவது 4000 ஸ்ட்ரோக். நோயாளியிடமிருந்து எடுக்க வேண்டிய நீரை இந்தச் சமன்பாட்டுக்கு வெளியே, ஸ்ட்ரோக்குக்கு 1 மில்லி வீதம் யுஎஃப் பம்ப் தனியாக இழுக்கிறது. சேம்பரில் ஸ்ட்ரோக்குக்கு 0.1 மில்லி காற்று புகுந்தாலே போதும், முடிவில் 400 மில்லி பிசகும்.

அந்தக் காற்றை வெளியேற்றத்தான் டீகேசிங் பம்ப். குறுகிய துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி வெற்றழுத்தம் உண்டாக்கும். கரைந்திருக்கும் காற்று குமிழாகப் பிரியும். கீழே அதை மைனஸ் 600 மில்லிமீட்டர் பாதரசத்தில் வைத்திருந்தார்கள். உதகை 2240 மீட்டர் உயரம். இங்கே மொத்தக் காற்றழுத்தமே ஏறக்குறைய 580தான். இல்லாத 600-ஐ எந்தப் பம்பும் இழுக்க முடியாது. பம்ப் கரகரவென்று கத்தியது அதனால்தான். அப்படியே விட்டால் கியர் தேய்ந்துபோகும். கீழே 760-இல் 600 போக மிச்சம் 160. இங்கும் அதே 160 மிஞ்ச வேண்டுமானால் மைனஸ் 420 போதும். சர்வீஸ் மேனுவலின் உயர அட்டவணையைப் பார்த்து அந்த அளவுக்குக் குறைத்ததும் கத்தல் நின்றது.

டெம்பரேச்சர் அலாரத்துக்குக் காரணம் குளிர். ஜனவரி காலையில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி. அதை 37-க்கு ஏற்ற சுமார் 870 வாட் வேண்டும். கீழே 28 டிகிரித் தண்ணீருக்கு 310 போதும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அடைப்பு இருந்தால் ஹீட்டர் திணறும். குளிர்ந்த தண்ணீரில் காற்றும் அதிகம் கரைந்திருக்கும். ஆர்ஓ உற்பத்தி டிகிரிக்கு 3 சதவீதம் வரை குறையும், அதனால் மெஷினுக்கு வரும் அழுத்தமும் சரியும். ஃப்ளோ அலாரம் அடித்தது இதற்குத்தான். தொட்டியிலிருந்து வரும் குழாய்க்கு உறை போட்டு, ஆர்ஓவைக் காலை ஷிஃப்டுக்கு வெகுமுன்பே ஓட விட்டோம்.

ஒவ்வொன்றையும் சரிசெய்த வரிசை முக்கியம்: டீகேசிங், வெப்பம், ஃப்ளோ, கடைசியில்தான் பேலன்சிங். ஃப்ளோவுக்கு டிரெயின் குழாயை அளவு ஜாடியில் விட்டு நிமிடம் பார்த்தால் போதும். பேலன்சிங்குக்கு, டயாலைசரோடு இணையும் கப்ளிங் இரண்டையும் ஷன்ட்டில் (டயாலைசர் இல்லாமல் நேராக இணைக்கும் இடம்) மாட்டி, யுஎஃப்-ஐ நிறுத்தி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றெல்லாம் போன பிறகும் அழுத்தம் ஒரே பக்கமாக நழுவினால், அப்போது வால்வைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலும் சுண்ணாம்புத் துகள் உட்கார்ந்திருக்கும். மலைத் தண்ணீர் மென்மையானது என்று நம்பி படிவைக் கரைக்கும் சிட்ரிக் ஆசிட் ஓட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள்; அந்தப் படிவுக்குக் கால்சியத்தைத் தருவதே டயாலிசிஸ் திரவத்துக்காகக் கலக்கும் ஆசிட் கான்சன்ட்ரேட்தான், பைகார்பனேட்டோடு சேர்ந்ததும் படியும்.

எல்லாம் சரியான பிறகும் காலையில் மட்டும் கன்டக்டிவிட்டி (திரவத்தின் உப்புச் செறிவைக் காட்டும் மின்கடத்தும் திறன்) இறங்கியது. பைகார்ப் (பைகார்பனேட் கரைசல்) கேனின் அடியில் வெள்ளையாக ஒரு விரற்கடை வண்டல். லிட்டருக்கு 84 கிராம் கரைக்கும் வகை அது. 10 டிகிரித் தண்ணீரில் அந்த அளவு முழுதாகக் கரையாது. ஆர்ஓ தண்ணீரை 20 டிகிரிக்கு மேல் கொண்டுவந்து கலக்கினால் தெளிந்துவிடும். கொதிக்க வைத்துவிடாதீர்கள், பைகார்பனேட் சிதைந்து கார்பனேட்டாகிவிடும்.