தோன்றாத் துணை

பண்ருட்டியில் ரயிலை விட்டு இறங்கும்போது மணி ஏழுகூட ஆகவில்லை. அங்கிருந்து ஆட்டோவில் திருவதிகை பக்கம்தான். முப்புரம் எரித்த வீரட்டானேசுவரர் கோயில், சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் ஒன்று. சுவாமியைப் பார்க்கத்தான் போனேன் என்றாலும், மனசு முழுக்க அப்பர் சுவாமிகளின் அக்கா திலகவதியார்தான் இருந்தார்.

காரணம் இருந்தது. நான் கணக்கு எழுதும் இடத்தில், இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டிய ஒரு கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறு வாரமே வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வீட்டில் மகன் கேட்டதுதான் தாங்கவில்லை. "இப்ப எல்லாரும் இப்படித்தாம்மா பண்றாங்க. நீ மட்டும் எதுக்கு?" அவன் கெட்ட பிள்ளை இல்லை. இப்போதுதான் முதல் வேலைக்குப் போகிறான். தப்பைத் தப்பு என்று சொல்வதே அவனுக்குப் பழங்கதையாகத் தெரிகிறதே, நாளைக்கு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

உள்ளே போனபோது பிராகாரத்தில் ஒரு பாட்டி ஈர்க்கு விளக்குமாற்றால் பெருக்கிக்கொண்டிருந்தார். குப்பையை ஓரம் சேர்த்து, இரண்டு கையாலும் முறத்தில் அள்ளிப் போட்டார். வியர்வையில் நெற்றித் திருநீறு கரைந்து புருவம் வரைக்கும் வழிந்திருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

திலகவதியார் செய்ததும் இதே வேலைதானே? நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோனார். தம்பிக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. அந்தத் தம்பியோ அக்காவின் சைவ வழியை விட்டுவிட்டுச் சமணத்துக்குப் போய்விட்டார். திலகவதியார் அவரைத் துரத்திக்கொண்டு போகவில்லை. பொழுது விடியுமுன் எழுந்து இந்தக் கோயிலைப் பெருக்கினார், மெழுகினார், மாலை கட்டினார், தம்பியைக் காப்பாற்று என்று தினமும் கேட்டார். சூலை நோயில், தாங்க முடியாத வயிற்று வலியில் துடித்துக்கொண்டு தம்பி ராத்திரியோடு ராத்திரியாக வந்து காலில் விழுந்தபோது, ஏன் போனாய் என்று அவர் கேட்டதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் ஓரிடத்திலும் சொல்லவில்லை. திருநீற்றைக் கொடுத்துச் சந்நிதிக்குக் கூட்டிப்போகிறார். அவ்வளவுதான். நானோ என் பிள்ளையிடம் அன்றைக்கு அரை மணி நேரம் கத்தியிருந்தேன்.

திலகவதியார் சந்நிதியில் அவனுக்காக ஒரு சிட்டிகைத் திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன்.

அப்புறம் பஸ்ஸில் கடலூர். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது நடை சாத்திவிட்டார்கள். நான்கு மணிக்கு மேல்தான் திறந்தார்கள். காத்திருந்த நேரமெல்லாம் அப்பர் சுவாமிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். சைவத்துக்குத் திரும்பியதற்காகப் பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தான். நஞ்சு கலந்த பாற்சோறு கொடுத்தான். யானையை ஏவினான். கடைசியில் கல்லில் கட்டிக் கடலில் தள்ளச் சொன்னான். அவர் 'சொற்றுணை வேதியன்' என்று ஐந்தெழுத்தைப் பாட, இந்த ஊரில்தான் கரையேறினார். கரையேறவிட்டகுப்பம் என்று ஊர்ப்பெயரே இருக்கிறது.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. கல்லை விட்டு அவர் தப்பித்து நீந்தவில்லை. கட்டு நெகிழ்ந்த பிறகும் அதன் மேலேயே இருந்தார். அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. காளவாயிலும் அப்படித்தானே? ஏழு நாளும் உள்ளேதான் இருந்தார். நான் இத்தனை நாளாகச் சாமியிடம் கேட்டதெல்லாம் கல்லை எடுத்துவிடு என்பதுதான். பழைய பிரிவைத் திருப்பிக் கொடு, அவர்கள் முகத்தில் கரி பூசு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நடை திறந்ததும் உள்ளே போனேன். கரையேறியவர் இந்தச் சுவாமியைத்தான் 'தோன்றாத் துணை' என்று பாடினார். கண்ணுக்குத் தெரியாத துணை. தீபாராதனை வெளிச்சத்தில் லிங்கத் திருமேனி ஒரு கணம் துலங்கி மறுபடி மங்கியது. எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வாய் தானாக நமச்சிவாய என்றது. எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் ஒன்று சரியாகிவிடாது என்று எனக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தனியாக நிற்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது தெரிந்தது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஸ்தல விருட்சமான பாதிரி மரத்தைக் கும்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். ரயில் வருவதற்குள் மகனிடமிருந்து போன்.

"எத்தனை மணிக்கும்மா வருவ?"

சொன்னேன்.

"சரி, வண்டி எடுத்துட்டு வந்துடறேன். நீ ஆட்டோ பிடிக்காத."

கைப்பைக்குள் விரலை விட்டு, காகிதப் பொட்டலம் பிரியாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.