கடலூர் மழையில் ஒற்றைக் கற்றாழை

வீட்டு முன்பக்கம் மதிலோரம் விக்டோரியா ரெஜினே அகேவ் என்கிற கற்றாழை மாதிரிச் செடி ஒன்று நிற்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, இந்த வெயிலைத் தாங்குமா என்றுதான். நன்றாகவே தாங்கும். வடக்கு மெக்சிகோவின் வறண்ட மலைச்சரிவுகளில் பாறை இடுக்கில் வேர்விட்டு வளர்கிற செடி, அக்னி நட்சத்திரத்துக்கெல்லாம் அசராது. நர்சரியின் நிழல்வலைக்குள் இருந்து வந்த புதுச்செடியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும், இல்லையென்றால் இலை வெந்துபோகும். கடலூரில் இதற்கு எமன் ஐப்பசி, கார்த்திகை மழைதான்.

தண்டவாளத்தை ஒட்டி வேலி மாதிரி நிற்குமே ரயில் கற்றாழை, அதுவும் அகேவ்தான். ஆனால் அது பக்கக்கன்றுகளை விட்டுக்கொண்டே போகும், தாய்ச்செடி போனாலும் கன்றுகள் இருக்கும். இது பெரும்பாலும் கன்றே விடாது. நடுக்குருத்து அழுகினால் அதோடு சரி. அதனால்தான் மழைக்கு முன்னேற்பாட்டில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

தொட்டியை விட மேடு நல்லது என்பது என் கருத்து. ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண், பெருமணல், பொடி ஜல்லி கலந்து குவித்து, ஜல்லி பாதிக்கு மேல் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு, செடியைக் கொஞ்சம் சாய்வாக நட்டேன், அப்போதுதான் குருத்தில் விழுகிற தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். நர்சரியில் வேரைச் சுற்றி வைத்திருக்கிற தென்னை நார்க்கழிவை முழுசாக உதறிவிட்டுத்தான் நட வேண்டும், அது ஈரத்தை விடவே விடாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது எங்கள் தோட்டத்திலும் தண்ணீர் நின்றது, ஆனால் மேட்டின் தலைப்பகுதி நனையும், உடனே வடியும், அவ்வளவுதான். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மழை முடிந்து தை வந்ததும் அதன் அழகே தனி. கரும்பச்சை இலை, ஓரமெல்லாம் சுண்ணாம்பில் கோடிழுத்தது போல வெள்ளை, நுனியில் ஒரு கறுப்பு முள். நடுவில் கூம்பாகச் சுருண்டிருக்கிற குருத்திலிருந்து ஒவ்வொரு இலையாகப் பிரியும், அதற்கு மாதங்கள் ஆகும், அவசரப்படுத்த முடியாது. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்கிற செடி என்பதால் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு. கோடையில் மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு குடம் போதும், மழைக்காலத்தில் ஒரு சொட்டும் வேண்டாம்.

பூத்தால் செத்துவிடுமாமே, அப்புறம் எதற்கு என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். உண்மைதான், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும், ஆள் உயரத்தைத் தாண்டித் தண்டு எழும், பிறகு செடி காய்ந்துவிடும். ஆனால் அதற்கு 20, 30 வருடம்கூட ஆகலாம், விதை பிடித்தால் விதைத்துக்கொள்ளலாம் அக்கா என்றேன். இலையை வெட்டினால் வருகிற சாறு பட்டால் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் ஓடுகிற பாதையில் நடாதீர்கள்.

ஆவணி முடிவதற்குள் மேட்டின் தெற்கு ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஜல்லி போட வேண்டும், அங்கே மண் கரைந்திருக்கிறது.