மிருகம் இல்லாத லிவியாதான்

அரசறிவியல் வகுப்பில் 'லிவியாதான் என்றால் கொடுங்கோல் அரசு' என்று ஒரே வரியில் எழுதிப் புள்ளி வாங்கிய தலைமுறை நம்முடையது. அந்த விடை பாதிப் பிழை. ஏனென்று தெரிய, வேதாகமத்தில் வரும் கடல் மிருகமான லிவியாதானின் பெயரில் ஆங்கிலத் தத்துவஞானி தோமஸ் ஹொப்ஸ் அரசைப் பற்றி 1651இல் வெளியிட்ட நூலின் முகப்புப் படத்தைப் பார்த்தாலே போதும்.

ஆப்ரகாம் பொஸ் செதுக்கியதாகக் கருதப்படும் அந்தப் படத்தில் கடல் மிருகமே கிடையாது. மலைக்குப் பின்னாலிருந்து முடிசூடிய ஒருவன் எழுகிறான். வலக்கையில் வாள், இடக்கையில் ஆயரின் கோல். உடம்பில் செதிள்போலத் தெரிவதை உற்றுப் பாருங்கள், அத்தனையும் மனிதர்! 300 பேருக்கு மேல், நமக்கு முதுகைக் காட்டி அரசன் முகத்தையே பார்த்து நிற்கிறார்கள்.

உச்சியில் யோபு 41:24 என்ற குறிப்போடு ஒரு இலத்தீன் வரி. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். தமிழ் வேதாகமத்தில் அந்த எண்ணைப் புரட்டினால், மிருகத்தின் நெஞ்சு ஏந்திரத்தின் அடிக்கல்லைப்போலக் கெட்டி என்றிருக்கும். படத்தோடு ஒட்டவே ஒட்டாது. இலத்தீன் பதிப்பில் அதிகாரம் பிரியும் இடம் வேறு. ஒன்பதைக் கூட்டி 41:33க்குப் போங்கள்: பூமியில் அதற்கு ஒப்பானது இல்லை. அடுத்த வசனம் அதை அகங்காரமுள்ளவற்றுக்கெல்லாம் ராஜா என்கிறது. பெயரை இந்தக் கடைசி இரண்டு வசனங்களிலிருந்து எடுத்ததாக ஹொப்ஸே 28ஆம் அதிகாரத்தின் முடிவில் சொல்கிறார். மனிதச் செருக்கை அடக்கும் வல்லமைக்கு வைத்த பெயர் அது, வசவு அல்ல.

வசவுக்கும் வேதத்தில் இடமுண்டு. ஏசாயா 27:1இல் லிவியாதான் வெட்டுப்படவேண்டிய கோணலான சர்ப்பம். சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் தோண்டியெடுத்த, உகரித் என்ற பழைய நகரின் களிமண் பலகைகளிலும் ஏழு தலைப் பாம்பொன்று, கிட்டத்தட்ட அதே பெயரோடும் அதே அடைமொழிகளோடும் வருகிறது. சங்கீதம் 74இல் 'தலைகள்' என்று பன்மை வருவதன் மர்மம் இதுதான்.

யோபு நூலில் லிவியாதானுக்கு முன்னே வரும் இன்னொரு மிருகம் பிகெமோத். பெயர் எபிரேயத்தில் 'மிருகம்' என்பதன் பன்மை வடிவம். ஆனால் மாட்டைப்போல் புல் தின்னும் ஒற்றை விலங்கு. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் பற்றிய நூலுக்கு ஹொப்ஸ் இந்தப் பெயரைத் தேர்ந்தார். லிவியாதான் அரசு என்றால், பிகெமோத் அரசு குலைந்த நிலை. ஜெர்மன் அரசறிஞர் ஃபிரான்ஸ் நொய்மன் 1942இல் நாஜி ஜெர்மனியை ஆராய்ந்த நூலுக்கு அதே பெயரை வைத்ததும் இதை அறிந்துதான். நாஜி ஆட்சி அளவு மீறிய அரசன்று, அது அரசே அன்று என்பது அவர் வாதம்.

இப்போது ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டு பெயரையும் பெரிய கம்பெனிகளுக்குச் சூட்டிவிடுகின்றன. எபிரேயம் பேசுவோருக்கோ லிவியாதான் வெறும் திமிங்கிலம்.