கப்பல் ஃப்ளோரிடாவில், விமானம் எங்கே இறங்கட்டும்?

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் இருக்கும் நம்மவர்கள் குளிர்கால விடுமுறைக்கு க்ரூஸ் போவதென்று முடிவு செய்துவிட்டால், எந்தக் கப்பல், பால்கனி அறையா உள்ளறையா, சைவச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று வாரக்கணக்கில் வாட்ஸப் குழுவில் விவாதிக்கிறார்கள். விமான டிக்கெட்டை மட்டும், எது மலிவோ அதைப் பார்த்துப் பத்தே நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். ஃப்ளோரிடாவைப் பொறுத்தவரை இது கொஞ்சம் விபரீதமான பழக்கம். அங்கே ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எட்டும் தொலைவில் இரண்டு, மூன்று விமான நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் எதில் இறங்குகிறோம், எதிலிருந்து திரும்புகிறோம் என்பதைப் பொறுத்து பயணத்தின் முதல் நாளும் கடைசி நாளும் அடியோடு மாறிவிடும்.

எதையும் தேடுவதற்கு முன்னால், கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது என்பதை டிக்கெட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மயாமி நகரத்தின் துறைமுகம் டாட்ஜ் தீவில் இருக்கிறது. ஃபோர்ட் லாடர்டேலின் துறைமுகத்துக்குப் போர்ட் எவர்கிளேட்ஸ் என்று பெயர். விளம்பரங்களில் 'ஆர்லாண்டோ' என்று போட்டிருந்தால் அது போர்ட் கெனாவரலைக் குறிக்கும். ஆர்லாண்டோவில் கடல் கிடையாது, துறைமுகம் அங்கிருந்து ஒரு மணி நேரம் கிழக்கே இருக்கிறது. 'எல்லாம் ஃப்ளோரிடாதானே' என்ற நினைப்பில் ஆர்லாண்டோவுக்கு மலிவு டிக்கெட் எடுத்துவிட்டு, மயாமியில் நிற்கும் கப்பலைப் பிடிக்க 230 மைலுக்கு மேல் காரோட்ட வேண்டிவருவது அரிதான கதை அல்ல.

மயாமி விமான நிலையத்திலிருந்து டாட்ஜ் தீவுக்குச் சுமார் 9 மைல். 2014இல் கடலுக்கடியில் ஒரு சுரங்கச் சாலை திறக்கப்பட்ட பிறகு, நெடுஞ்சாலையிலிருந்து நகர மையத்தின் சிக்னல்களில் சிக்காமல் நேராகத் தீவுக்குள் நுழைந்துவிடலாம். ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையம் இதைவிட ஒருபடி மேல்: போர்ட் எவர்கிளேட்ஸ் அதற்கு அடுத்த வீடு மாதிரி, சுமார் 3 மைல்தான். அங்கே தெற்கு ஓடுபாதையின் கிழக்குப் பகுதியை யுஎஸ்-1 நெடுஞ்சாலைக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் மேலே பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். கீழே கார்கள் போய்க்கொண்டிருக்க, தலைக்கு மேலே விமானம் சக்கரத்தை ஊன்றும்; முதன்முறை பார்ப்பவர்கள் கட்டாயம் குனிவார்கள். இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 27 மைல் தூரம். ஐ-95 சாலை காலியாக இருந்தால் நாற்பது நிமிடம். அது எப்போது காலியாக இருக்கும் என்பதுதான் கேள்வி.

என் கணக்கில், போகும்போது எங்கே இறங்குவது என்பதும் திரும்பும்போது எங்கே ஏறுவது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். இரண்டுக்கும் ஒரே விடை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. போக-வர டிக்கெட் ஒரே விமான நிலையத்துக்குத்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வதாலேயே பலர் பணத்தையோ நேரத்தையோ விட்டுவிடுகிறார்கள்.

போகும் வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாளே போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்குவது என்பதை நான் பேரத்துக்கு அப்பாற்பட்ட விஷயமாகவே வைத்திருக்கிறேன். கப்பல் மாலை நான்கு மணிக்குத்தானே கிளம்புகிறது, காலை விமானத்தில் போனால் போதாதா என்று கேட்பவர்கள், கதவு அதற்கு வெகுநேரம் முன்பே மூடிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பயணிகள் பட்டியலைக் கப்பல் புறப்படுவதற்குக் குறைந்தது 60 நிமிடத்துக்கு முன்பே அமெரிக்க எல்லைக் காவல் துறைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. அதனால் நிறுவனங்கள் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே செக்-இன்னை முடித்துவிடுகின்றன. அதற்குப் பிறகு வருபவர் எவ்வளவு மன்றாடினாலும் பயனில்லை. அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாம் என்றால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பயணம்தானே என்று பாஸ்போர்ட் எடுக்காமல் பிறப்புச் சான்றிதழோடு வந்த குழந்தைகளை பஹாமாஸுக்கு விமானத்தில் கூட்டிப்போக முடியாது.

2023 ஏப்ரல் 12ஆம் தேதி ஃபோர்ட் லாடர்டேலில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் 25 அங்குலத்துக்கும் மேல் மழை கொட்டியது. ஓடுபாதை குளமாகி, மூடிய விமான நிலையம் 14ஆம் தேதி காலையில்தான் மீண்டும் திறந்தது. 27 மைல் தெற்கே மயாமி விமான நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. புயல் பருவமும் இல்லை, எந்த முன்னறிவிப்பிலும் இவ்வளவு மழை இல்லை. பக்கத்து விமான நிலையம் என்பது மலிவு டிக்கெட்டுக்காக மட்டும் அல்ல, இப்படிப்பட்ட நாளுக்கான மாற்று வழியும்கூட என்பது அன்றைக்கு அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்குப் புரிந்திருக்கும்.

முந்தைய நாளே போய்விடுகிறோம் என்று வைத்துக்கொண்டால், இறங்கும் இடம் துறைமுகத்துக்கு எவ்வளவு பக்கம் என்பது பெரிய விஷயமாக இல்லாமல் போய்விடுகிறது. அப்போது கட்டணம், நேரடி விமானமா, நாளின் முதல் விமானமா என்பவைதான் முக்கியம். நியூ ஜெர்சியின் நேவார்க்கிலிருந்து ஃபோர்ட் லாடர்டேலுக்கும் மயாமிக்கும் நாள் முழுக்க நேரடி விமானங்கள் இருக்கின்றன; ஃபோர்ட் லாடர்டேலுக்கு வடக்கே உள்ள வெஸ்ட் பாம் பீச்சுக்கும் உண்டு. மூன்றையும் சேர்த்தே தேட வேண்டும். கூகுள் ஃப்ளைட்ஸில் சேருமிடக் கட்டத்தில் மூன்று பெயர்களையும் ஒன்றாகவே போடலாம். வெஸ்ட் பாம் பீச்சில் இறங்கினால் பிரைட்லைன் ரயிலில் ஃபோர்ட் லாடர்டேலுக்கோ மயாமி நகர மையத்துக்கோ வசதியாக வந்துவிடலாம், ஆனால் அந்த ரயில் நிலையம் விமான நிலையத்துக்குள் இல்லை. டாக்ஸி பிடித்துத்தான் போக வேண்டும். ட்ரை-ரயில் என்ற இன்னொரு ரயில் மலிவானது, மயாமி விமான நிலையம் வரை போகிறது, ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்துக்கும் இணைப்புப் பேருந்து உண்டு. தனியாகப் போகிறவருக்கு இது நல்ல வழி. நான்கு பேர், ஆறு பெட்டி என்றால் ரயிலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இரண்டு இடத்தில் ஏற்றி இறக்கும் சிரமத்துக்குப் பெரிய வண்டியாக ஓர் ஊபர் பிடித்துவிடலாம்.

விலையை ஒப்பிடும்போது இந்தத் தரைச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு இருபது டாலர் குறைகிறது என்று தூரத்து விமான நிலையத்தில் இறங்கினால், நால்வருக்கு மிச்சமான எண்பது டாலரை டாக்ஸிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்தையும் கூடவே கொடுத்துவிட்டு வருவோம். 'இலவச ஷட்டில்' என்று சொல்லும் ஹோட்டல்களிடம், விமான நிலையத்திலிருந்து மட்டும் இலவசமா, மறுநாள் துறைமுகத்துக்கும் சேர்த்தா என்று தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். பல இடங்களில் முதலாவது இலவசம், இரண்டாவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம்.

திரும்பும் நாள் முற்றிலும் வேறு. விடிவதற்குள் கப்பல் கரை சேர்ந்துவிடும், ஏழு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் எல்லோரும் இறங்கியாக வேண்டும். குளிர்கால வார இறுதியில் ஒரே துறைமுகத்தில் நான்கைந்து கப்பல்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் மூவாயிரம், நாலாயிரம் பேர். கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக வாசலுக்கு வந்து செருப்பைத் தேடுவதைப் போல, எல்லோரும் ஒரே நேரத்தில் டாக்ஸிக்கு நிற்பார்கள். அன்றைக்கு ஐ-95இல் இன்னொரு 27 மைலைச் சேர்த்துக்கொள்வது வீண் பதற்றம். ஆகவே போர்ட் எவர்கிளேட்ஸில் இறங்கினால் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்தும், டாட்ஜ் தீவில் இறங்கினால் மயாமியிலிருந்தும் திரும்புவதையே நான் விரும்புவேன், ஐம்பது டாலர் கூடுதலானாலும் சரி. மயாமியில் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை வரும் மாரத்தான் ஓட்டம் துறைமுகத்தை ஒட்டிய மெக்கார்தர் பாலச் சாலை வழியாகத்தான் போகிறது. அந்த ஞாயிறு காலை கரையிறங்குபவர்கள் சாலை அடைப்புகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

இதற்கு ஒரே விதிவிலக்கு, விமானம் மாலையில்தான் என்றால். ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் ஞாயிறு முற்பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கவுண்ட்டர்களுக்கு எதிரே சுவரோரமாகக் குடும்பம் குடும்பமாகப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள், பெட்டியின் கைப்பிடியில் கப்பல் நிறுவனத்தின் காகித அடையாளச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் கழுத்திலிருந்து கப்பல் அறையின் அட்டையைக் கழற்றியிருக்க மாட்டார்கள். சில நிறுவனங்கள் விமானம் கிளம்புவதற்கு நான்கு மணி நேரத்துக்கு முன்னால் பெட்டியை வாங்குவதே இல்லை. பெட்டியைக் கொடுக்காமல் உள்ளே போகவும் முடியாது. போர்ட் எவர்கிளேட்ஸில் இறங்குபவருக்கு மாலை விமானம்தான் கிடைத்தது என்றால், மயாமியிலிருந்து கிளம்புவது நல்ல யோசனை. மயாமியிலோ, வழியில் இருக்கும் ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் கடற்கரையிலோ மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகப் போகலாம்; நேரம் இருக்கிறது. மாறாக, பதினொன்றரை மணிக்கு முந்தைய விமானத்தை எந்த விமான நிலையத்திலிருந்தும் நான் எடுக்க மாட்டேன். கப்பல் ஒரு மணி நேரம் தாமதமாகக் கரையடைந்தால், அந்த டிக்கெட் கையை விட்டுப் போனதாகவே கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து பெற்றோரை வரவழைத்து க்ரூஸ் கூட்டிப்போகிறவர்களுக்கு இந்தத் தேர்வு பெரும்பாலும் முன்பே முடிந்துவிடுகிறது. தோஹா, துபாய், லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஒரே இடத்தில் மாறி வரும் விமானங்கள் மயாமியில்தான் இறங்குகின்றன. எமிரேட்ஸ் 2016இல் ஃபோர்ட் லாடர்டேலுக்குத்தான் பறக்கத் தொடங்கியது, 2021இல் மயாமிக்கு மாறிவிட்டது. பழைய நினைவில் ஃபோர்ட் லாடர்டேலைத் தேடுபவர்கள் நேவார்க்கிலோ நியூயார்க்கிலோ இன்னொரு முறை மாற வேண்டிய டிக்கெட்டில் போய் நிற்பார்கள். கப்பல் எவர்கிளேட்ஸிலிருந்து கிளம்பினாலும் அவர்களை மயாமியில் இறக்குவதே சரி. ஆனால் அங்கே இமிகிரேஷன் வரிசை நீளம், கட்டடமும் நீளம். வடக்கு முனையத்தில் டி பகுதி ஒன்றுக்கு மட்டும் கூரை மேல் தனி ரயிலே ஓடுகிறது. எழுபது வயதுக்காரர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள், நடக்க முடியும் என்று அவர்கள் வீம்பு பேசினாலும். ஓர் இரவு அல்ல, குறைந்தது இரண்டு இரவு முன்னதாக வரவழையுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்; கடலுக்குப் போன கப்பலைத் துரத்தி வந்து தொலைந்த பெட்டியை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

போர்ட் கெனாவரலுக்கு ஆர்லாண்டோவின் பெரிய விமான நிலையம் 45 மைல் தூரத்தில் இருக்கிறது, பீச்லைன் சுங்கச் சாலையில் நேர் வழி. 'மெல்போர்ன் ஆர்லாண்டோ' என்ற பெயரில் கடற்கரையோரம் ஒரு சிறிய விமான நிலையம் உண்டு. துறைமுகத்துக்கு அதுவே மிக அருகில். வரிசை இல்லை, கூட்டம் இல்லை. ஆனால் அமெரிக்க ஊர்களிலிருந்து வரும் விமானங்கள் மிகக் குறைவு. அட்லாண்டாவிலோ ஷார்லட்டிலோ மாற வேண்டும், மாறும் விமானம் ரத்தானால் அடுத்தது மறுநாள் என்று சொல்லிவிடுவார்கள். ஆர்லாண்டோவின் பெயரையே தாங்கிய சான்ஃபோர்ட் விமான நிலையம் நகருக்கு வடக்கே இருக்கிறது, வாரத்தில் சில நாட்கள் மட்டும் வரும் மலிவு விமானங்களுக்கானது. மலிவு என்பதற்காக அங்கே இறங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய நிலையம், நிறைய விமானங்கள் என்பதுதான் க்ரூஸ் போகிறவருக்குப் பாதுகாப்பு.

டெக்சாஸில் கால்வெஸ்டன் துறைமுகத்துக்கும் இதே கணக்குதான். ஹூஸ்டனில் இருக்கும் இரண்டு விமான நிலையங்களில் தெற்கே உள்ள ஹாபியிலிருந்து துறைமுகத்துக்குச் சுமார் 40 மைல். வடக்கே இருக்கும் புஷ் விமான நிலையத்திலிருந்து நகரத்தையே ஊடுருவிக்கொண்டு 70 மைல் போக வேண்டும். எமிரேட்ஸ், கத்தார் இரண்டும் புஷ் நிலையத்தில்தான் இறங்குகின்றன. உள்நாட்டிலிருந்து போகிறவருக்கு ஹாபியே சரி. முந்தைய நாளே போய்விட்டால், ஹாபியிலிருந்து கொஞ்சம் தெற்கே பேர்லாண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்கும் அன்று மாலையே போய்வரலாம்.

டிக்கெட் எடுக்கும்போது 'மல்ட்டி-சிட்டி' என்ற வழியில் ஒரே முன்பதிவாக எடுங்கள். போக ஃபோர்ட் லாடர்டேல், திரும்ப மயாமி என்று ஒரே நிறுவனத்தில் எடுத்தால், பெரும்பாலும் சாதாரணப் போக-வர டிக்கெட்டை ஒட்டிய விலைதான் வரும். புயலோ பனியோ வந்து விமானம் ரத்தானால், பெரிய நிறுவனங்கள் மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், வெஸ்ட் பாம் பீச் மூன்றையும் ஒன்றாகவே பாவித்து, கேட்டால் கட்டணமில்லாமல் மாற்றிக்கொடுப்பது வழக்கம். கேட்காவிட்டால் அதே நிலையத்துக்கு மறுநாள் இடம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே கவுண்ட்டரில் நிற்கும்போதே, வெஸ்ட் பாம் பீச்சுக்கு இன்றைக்கு இடம் இருக்கிறதா என்று பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.