கேப்ஸ்டோனில் கிராண்ட் எழுதப் போகிறீர்களா? நான் சறுக்கிய இடங்கள்

அமெரிக்காவில் பொது நிர்வாக முதுகலை படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் கடைசி செமஸ்டரில் கேப்ஸ்டோன் என்று ஒன்று வரும். ஏதாவது ஓர் அரசு அலுவலகத்துக்கு நிஜமாகவே பயன்படுகிற வேலை ஒன்றைக் குழுவாகச் செய்து கொடுக்க வேண்டும். 2024இல் எங்கள் நால்வருக்கு வந்தது ஒரு சின்ன கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரியான உள்ளாட்சி. மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் சைபர் பாதுகாப்புக்கு ஒன்றிய அரசு தரும் மானியத்துக்கு அவர்கள் சார்பில் திட்டம் எழுத வேண்டும். சென்னையில் நாலு வருஷம் நெட்வொர்க் வேலை பார்த்தவன் நான். இதெல்லாம் ஒரு விஷயமா என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரைவுக்கு சி பிளஸ்.

பதினைந்து பக்கத்தில் பத்துப் பக்கம் ஃபயர்வால், ரேன்சம்வேர் (கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் தாக்குதல்). 2018இல் அட்லாண்டா நகராட்சி முடங்கியது, 2019இல் பால்டிமோர் முடங்கியது என்று கதையும் சொல்லியிருந்தேன். பேராசிரியர் ஓரத்தில் எழுதியது ஒரே வரி: "ஏன் வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். எவ்வளவு, யார் காசு?"

அதற்கப்புறம்தான் மானிய அறிவிப்பை முழுசாகப் படித்தேன். நீங்கள் அதை முதல் வாரமே செய்துவிடுங்கள். கையில் பென்சிலோடு, இரண்டு முறை.

2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் இந்தத் திட்டத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. தொழில்நுட்பப் பக்கம் ஒன்றிய அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசாவிடம், பணக் கணக்கு பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவிடம். நாங்கள் முதல் வரைவை ஃபீமாவுக்கே எழுதியிருந்தோம். தப்பு. கவுண்டியோ நகராட்சியோ நேராக அங்கே போய்க் கேட்க முடியாது. மாநிலம் வாங்கும், அதில் குறைந்தது 80 சதவீதத்தைக் கீழே உள்ளாட்சிகளுக்கு இறக்க வேண்டும். மொத்தத்தில் குறைந்தது 25 சதவீதம் கிராமப்புறத்துக்கு, அதாவது ஐம்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள பகுதிகளுக்குப் போக வேண்டும். உங்கள் கவுண்டி அந்தக் கணக்கில் வருகிறதா என்று பார்த்து முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, உள்ளாட்சி சம்மதித்தால் மாநிலம் பணத்துக்குப் பதிலாகச் சேவையாகவே கொடுக்கலாம். எங்கள் மாநிலம் ஊழியர் பயிற்சியை அப்படிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்கும் தனியாகப் பணம் கேட்டு வைத்திருந்தோம். மாநில அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். மாணவர்கள் அதிகம் அடிவாங்குவது இங்கேதான். 2023ஆம் நிதியாண்டு அறிவிப்பின்படி உள்ளூர்ப் பங்கு, அதாவது மானியத்தோடு நாம் போட வேண்டிய காசு, 20 சதவீதம். 80,000 டாலர் கேட்கிறோமா, அதில் 20 சதவீதம் 16,000 என்று போட்டேன். ஆனால் அந்த 20 சதவீதம் கேட்கும் மானியத்தில் இல்லை, மொத்தத் திட்டச் செலவில். 80,000த்தை 0.8ஆல் வகுத்தால் மொத்தம் 1,00,000. நம் பங்கு 20,000. நாலாயிரம் டாலர் பள்ளம். அந்தக் கவுண்டியின் ஐடி பிரிவில் இருந்ததே ஒரே ஒருவர். பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு நாலாயிரம் பெரிய தொகை. பங்கை ரொக்கமாகவே தர வேண்டியதில்லை. அந்தத் திட்டத்துக்காக ஊழியர் செலவிடும் நேரத்தையும் கணக்கில் காட்டலாம். ஆனால் நேரக் குறிப்பேடு வேண்டும். அதே நேரத்தை வேறொரு ஒன்றிய மானியத்தின் பங்காகவும் காட்டக் கூடாது.

எதற்குச் செலவு செய்யக் கூடாது என்ற பட்டியலைத் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சைபர் காப்பீட்டுப் பிரீமியம் கூடாது. நான் அதைப் பெருமையாகச் சேர்த்திருந்தேன். ரேன்சம்வேர்காரனுக்குக் கட்டும் பணம் கூடாது. ஏற்கெனவே பட்ஜெட்டில் இருந்த செலவை மானியத்தின் தலையில் கட்டுவதும் கூடாது. தோழி ஒருத்தி அரசு அலுவலகங்களுக்கான டாட் கவ் (.gov) இணைய முகவரிக்கு வருஷம் 400 டாலர் என்று ஏதோ பழைய பக்கத்தைப் பார்த்துப் போட்டுவிட்டாள். 2021 ஏப்ரலிலிருந்து அது இலவசம். ஆனால் பழைய மின்னஞ்சல்களை அங்கே மாற்றும் வேலைக்கு ஆகும் செலவைக் கேட்கலாம்.

தொழில்நுட்பப் பகுதிக்கு ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். இரட்டைச் சரிபார்ப்பு, கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைச் சேமித்தல், தகவல்களைக் குறியாக்கம் செய்தல், காலாவதியான மென்பொருளை நீக்குதல், காப்புப் பிரதி என்று அறிவிப்பே முன்னுரிமைகளைச் சொல்லிவிடுகிறது. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பொருளையும் அதில் ஒன்றோடும் மாநிலத்தின் சைபர் திட்டத்தில் உள்ள ஒரு வரியோடும் முடிச்சுப் போட்டுவிட்டால் போதும். நாங்கள் அதை ஒரு அட்டவணையாகப் போட்டோம். இரண்டாம் வரைவில் பேராசிரியர் டிக் அடித்த ஒரே பக்கம் அது.

இறுதி விளக்கத்துக்கு அந்த ஐடிக்காரரும் வந்திருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "மூணு வருஷம் கழிச்சு இந்த மென்பொருள் லைசன்ஸுக்கு யார் பணம் கட்டுவாங்க?" நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று இரவே லைசன்ஸ் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்தை ஒருமுறைச் செலவான காப்புப் பிரதிச் சாதனத்துக்கு மாற்றினோம்.

எந்த ஆண்டின் அறிவிப்பு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பங்கு 2022இல் 10 சதவீதம், 2024இல் 30, 2025இல் 40. சீனியரின் எக்செல் தாளை அப்படியே எடுத்துக்கொண்டால் வகுக்கும் எண் மாறிப்போயிருக்கும்.