பூஜ்யம் வந்தால் முதலில் ட்யூபைப் பாருங்கள்

வைரஸ் வந்து போனவரின் ரத்தத்தில் அதை அடையாளம் காணும் டி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) எத்தனை என்று எண்ணுவது எலிஸ்பாட் சோதனை. இதில் பிழை பெரும்பாலும், சோதனை நடக்கும் குழிகள் கொண்ட பிளேட்டுக்கு ரத்தம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஆன்டிபாடி பார்க்க சீரம் போதும், அது ஃப்ரிட்ஜில் கிடக்கும். டி செல் உயிரோடு வந்தால் மட்டும் போதாது, வேலையும் செய்ய வேண்டும்.

ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) ட்யூபில் எடுத்த ரத்தத்தை அறை வெப்பநிலையிலேயே வைத்து, 8 மணி நேரத்துக்குள் செல்களைப் பிரித்துவிடுவது நல்லது. வெயில் அதிகம் என்று ஐஸ் பேக் வைத்து அனுப்புகிறார்கள், நல்லெண்ணம்தான். ஆனால் குளிரிலும் தாமதத்திலும் கிரானுலோசைட்டுகளின் (நமக்கு வேண்டாத வேறு வகை வெள்ளை அணுக்கள்) அடர்த்தி மாறி, பிரிக்கும்போது அடியில் இறங்க வேண்டியவை டி செல்கள் நிற்கும் அடுக்கிலேயே தங்கிவிடும்.

ரத்தத்தில் அதே அளவு பி.பி.எஸ். (உப்புக் கரைசல்) கலந்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கால் என்ற கனமான திரவத்தின் மேல் ட்யூபைச் சாய்த்து மெதுவாக விட வேண்டும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் 400 ஜி விசையில் 30 நிமிடம் சுற்ற வேண்டும், பிரேக் இல்லாமல். முன்பு ஓட்டியவர் பிரேக்கைப் போட்டே விட்டுப் போயிருந்தால், மஞ்சள் பிளாஸ்மாவுக்குக் கீழே மெல்லிய வெள்ளை வளையமாக நிற்க வேண்டிய நம் செல்கள் கலங்கிவிடும். வளையத்தோடு ஃபைக்காலையும் நிறைய உறிஞ்சிவிட்டால் கழுவும்போது செல்கள் அடியில் படியாது. மூன்று மடங்கு பி.பி.எஸ். ஊற்றிச் சுற்றுங்கள். 1 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 10 லட்சம் செல்கள் கிடைக்கும்.

பிளேட்டின் குழிக்கு 2 லட்சம் செல்கள் போட்டு, அவற்றோடு வைரஸ் புரதத்தின் துண்டுகளைச் சேர்க்கிறோம். முழு வைரஸ் எதற்கு? கொல்லும் டி செல் வைரஸை நேரே பார்ப்பதில்லை. தொற்றிய செல் தன் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் ஏந்திக் காட்டும் 8 முதல் 10 அமினோ அமிலத் துணுக்கைத்தான் பார்க்கிறது. 1974-இல் கான்பெராவில் சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் எலிகளில் கண்டது இதன் அடிப்படை.

இன்குபேட்டரில் 18 முதல் 20 மணி நேரம் பிளேட்டை அசைக்கக் கூடாது. துணுக்கை அடையாளம் கண்ட ஒரு செல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் அதன் அடியிலேயே படிந்து ஒரு புள்ளியாகிறது. அசைத்தால் புள்ளிக்கு வால் முளைக்கும், எண்ண முடியாது.

டி செல்களைப் பொதுவாகத் தூண்டும் பி.எச்.ஏ. போட்ட ஒப்பீட்டுக் குழியும் காலியாக இருந்தால், 'எதிர்வினை இல்லை' என்று எழுதாதீர்கள். அது நோயாளியின் பூஜ்யம் அல்ல, செல்கள் வேலை செய்யவில்லை. புது ரத்தம் கேளுங்கள். பி.எச்.ஏ. நன்றாக வந்து, வைரஸ் குழியில் நாலைந்து புள்ளிகளே இருந்தால் ரத்தம் எடுத்த தேதியைப் பாருங்கள். இந்த டி செல்களின் உச்சம் தொற்றுக்குப் பின் முதல் இரண்டு வாரத்தோடு சரி. பிறகு பத்தில் ஒன்பது பங்கு செத்துப்போகும். மிஞ்சிய நினைவுச் செல்களிலும் நுரையீரலில் குடியேறியவை ஊசிக்கு அகப்படாது.